யாழ்ப்பாணத்துத் தாலாட்டில் ஆறு ஓடாது

தாலாட்டுக் கட்ட உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது காவிரியையும் மலையருவியையும்தான். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் குடாநாட்டில் மலை கிடையாது. தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு, உண்மையில் கடல்நீரேரி. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். எங்கட தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீர். ஆகவே கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலாவைப் பாட்டுக்குள் இறக்குங்கள்.

பருவமும் பிசகக்கூடாது. மார்கழி, தையில் வாடை; ஆழமில்லாத பரவைக் கடலில் பூநாரை நிற்கும். பங்குனி, சித்திரையில் கருப்பணி என்கிற பதநீர். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. ஆடி, ஆவணியில் பனம்பழம். மார்கழியில் பனம்பழத்தை விழுத்தினால் அப்பாச்சி சிரிப்பா.

வாடைக்கு ஒரு கண்ணி:

வாடைக் காத்து வருகுதம்மா
வடலி ஓலை ஆடுதம்மா
பரவைக் கடல் ஓரமெல்லாம்
பூநாரை நித்திரையாம்

ஓர் அடி பாடி முடிய ஏணை (சேலைத் தொட்டில்) ஒருக்காப் போய் வந்துவிட வேண்டும். இதுதான் அளவு. சீர் கூடினால் ஆட்டுகிற கை அவசரப்படும், பிள்ளை முழிக்கும். பெயர் நீளமென்றால் செல்லப்பெயரை வையுங்கள். அடியின் கடைசியில் 'ட்டு', 'க்கு' வந்தால் குரல் வெட்டுப்படும். 'ஓ', 'ஆ' அல்லது 'ம்' வரட்டும். 'ஆராரோ' தலைமுறை தலைமுறையாக நிற்பதற்கு இந்த இழுவையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மெட்டுக்கு மூன்று, நாலு சுரம் போதும். நீலாம்பரி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குறையில்லை. கதைக்கிற குரலிலேயே எடுங்கள். உச்சத்தில் தொடங்கினால் பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டும். மாமன் சீர் கொண்டுவரும் கண்ணியெல்லாம் பிள்ளை முழித்திருக்கும்போது பாட வேண்டியது. கண் சொருகத் தொடங்கினால் புதுச் சொல் வேண்டாம்; பாடின கண்ணியையே திருப்பி, பிறகு சொல்லை விட்டு வெறும் 'ம்ம்' மட்டும். பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் அழுகைதான். முதலில் பாட்டு அடங்கட்டும், ஏணை மெல்ல மெல்லத் தானாக நிற்கட்டும்.

ஏணைக்குப் பழைய பருத்திச் சேலை நல்லது; நைலெக்ஸ் வழுக்கும், வேர்க்கும். வளையில் (கூரை மரத்தில்) கட்டின கயிற்றை உங்கள் பாரம் போட்டு இழுத்துப் பாருங்கள். ஏணையின் அடிப்பாகம் நிலத்திலிருந்து ஒரு அடிக்கு மேல் உயர வேண்டாம், கீழே மெத்தை கிடக்கட்டும். சேலை ஆழமாகத் தொய்ந்தால் பிள்ளையின் நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும். முகத்தில் துணி மூடினாலும் அப்படித்தான். அதனால் பாடி முடிந்ததென்று எழும்பிப் போகாமல், நித்திரையான பிள்ளையைத் தூக்கி மட்டமான படுக்கையில் மல்லாக்க நிமிர்த்திக் கிடத்துங்கள். பிரளத் தொடங்கிவிட்டால் ஏணையைக் கழற்றிவிடலாம், பாட்டைப் பாயிலிருந்தே பாடலாம்.