மெத்தென்று இருந்தால் போதாது

சோதனைக்கு வந்தவர் முழங்காலை மடக்கி, மல்லாந்த நிலையில் இரண்டரை மணி நேரம் நாங்கள் செய்த விண்கல மாதிரி இருக்கையில் கிடந்தார். எழுந்ததும் நான் முதுகைப் பற்றித்தான் கேட்டேன். "முதுகு பரவாயில்லைங்க. முழங்காலுக்குக் கீழதான் மரத்துப்போச்சு" என்றார், கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே.

விண்கல இருக்கை வடிவமைக்கும் குழுவில் நான் சேர்ந்த புதிது அது. என் கணக்குகள் எல்லாமே முடுக்கத்தைச் சுற்றியே இருந்தன. ராக்கெட் சுற்றுப்பாதைக்கு ஏற ஒன்பது நிமிடம் போலத்தான் ஆகும். ஆனால் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் போகும் வீரர்கள் புறப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே ஏறிப் படுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டரை மணி நேரம் என் தாளில் எங்குமே இல்லை. உடைத் துணியின் ஒரு மடிப்பு முதுகுக்கடியில் சிக்கியிருந்தால், காத்திருக்கும்போது அது வெறும் உறுத்தல். 4 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு முடுக்கம், வந்ததும் 70 கிலோ உடம்பு 280 கிலோவாகி அதே மடிப்பின்மேல் அழுந்தும்.

எத்தனை ஜி என்பதோடு, அது எந்தத் திசையில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்குத் தலையிலிருந்து காலை நோக்கி நாலைந்து ஜி வந்தால், ரத்தம் கீழே இறங்கிப் பார்வை மங்கும். நீடித்தால் நினைவும் தப்பும். அதே அளவு மார்பிலிருந்து முதுகை நோக்கி வந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். மல்லாக்கப் படுக்கவைப்பது இதற்காகத்தான். அப்போதும் நெஞ்சின்மேல் பாரம் ஏறும், விலா எலும்புகளைத் தூக்கி மூச்சிழுக்க முடியாது, வயிற்றால்தான் சுவாசிக்க வேண்டும். முதுகை 12 பாகை போல உயர்த்தினால் மூச்சு சற்று இலகுவாகும். அதற்கும் ஒரு விலை உண்டு. 4 ஜியில் சுமார் 0.8 ஜி முதுகுத்தண்டின் நீளவாக்கில் இறங்கிவிடும். மூச்சுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையே நடக்கும் இந்தப் பேரத்தைத்தான் நாங்கள் நாள்கணக்காகப் பேசிக்கொண்டிருப்போம்.

1958-இல் அமெரிக்கக் கடற்படையின் ஜான்ஸ்வில் ஆய்வகத்தில், ஆளை வேகமாகச் சுழற்றி ஜியை உண்டாக்கும் பெரிய சுழலி இருந்தது. அதில், உடம்பின் வடிவத்துக்கே வார்த்த படுக்கையில் கிடந்து கார்ட்டர் காலின்ஸ் என்பவர் 20 ஜியைத் தாங்கினார். அமெரிக்காவின் முதல் மனித விண்பயணத் திட்டமான மெர்க்குரியின் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஃபைபர் கிளாஸ் படுக்கை வார்க்கப்பட்டது அந்த வழியில் வந்ததுதான். அதே சுழலியில் கடற்படை மருத்துவர் ஃப்ளானகன் கிரே நீர் நிரப்பிய உலோகக் கூட்டுக்குள் இருந்து 31 ஜி வரை போனார். நீர் உடம்பின் எந்த இடுக்கையும் விட்டுவைக்காமல் நிறைந்து நின்று தாங்கியது. இடுப்பு வளைவிலும் கழுத்துக்கடியிலும் இடைவெளி விழுந்தால், அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமப்பது பக்கத்து எலும்பு.

இதைப் படித்தும் நான் ஒரு பிழை செய்தேன். மரத்துப்போன காலும் வலித்த வால் எலும்பும் மனதை விட்டு அகலவில்லை. நுரை மெத்தையைத் தடிமனாக்கினேன். படுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்கும் பெரிய நிம்மதி. பிறகு, கலம் தரையில் மோதுவதைப் போல இருக்கையை, மனித உருவ டம்மியோடு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் சோதனை நடந்தது. டம்மியின் இடுப்பு முதுகெலும்பில் பதிவான சுமை, பழைய மெல்லிய மெத்தையில் வந்ததைவிட அதிகம். சென்சார் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி போட்டோம். அதே கதை.

காரணம் எளிது, ஆனால் உள்ளுணர்வுக்கு எதிரானது. இருக்கைச் சட்டம் நின்றுவிட்ட பிறகும் உடம்பு நுரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டின் வேகத்துக்கும் இடையே வேறுபாடு வளர்கிறது. நுரை முழுக்க நசுங்கி அடித்தட்டு தட்டுப்படும்போது அந்த வேறுபாடு முழுவதும் ஒரே நொடியின் சிறு துணுக்கில் முதுகெலும்பின்மேல் தீர்கிறது. நான் பாதுகாக்க நினைத்த இடத்துக்கே அடியைக் கூட்டிக் கொடுத்திருந்தேன். அன்று இரவு தூங்கவில்லை. அந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் என்ற நினைப்புதான்.

வழி 1966-லேயே இருந்தது. நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய, இன்று தலையணைக் கடைகளில் மெமரி ஃபோம் என்று விற்கும் நுரை, மெதுவாக அழுத்தினால் இணங்கும். சட்டென்று அடித்தால் கெட்டிப்படும். அத்தகைய நுரையை மெல்லிய அடுக்காக, உடம்பின் வளைவுக்கு ஏற்ற கெட்டியான ஓட்டின்மேல் ஒட்டினோம். மோதலை வாங்கும் பொறுப்பை இருக்கைக்கு அடியில் உள்ள அதிர்வுத் தாங்கிகளிடம் விட்டோம். காலுக்கு வேறு வழி கண்டோம்: கெண்டைக்காலுக்கடியில் தாங்கியை அகலப்படுத்தி, பாதத்தை அசைத்துக்கொள்ள இடம் விட்டோம். அடுத்த முறை இரண்டரை மணி நேரம் படுத்தவர் காலைப் பற்றிப் பேசவே இல்லை.

சோயுஸின் இருக்கைக்குள் வைக்கும் வார்ப்பை இன்றும் ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் செய்கிறார்கள். மாஸ்கோவுக்கு அருகே டோமிலினோவில் உள்ள ஸ்வெஸ்தா நிறுவனத்தில், வீரரை ஜிப்சம் கரைசலில் படுக்கவைத்து அச்செடுப்பார்கள். அந்த முறையைப் பின்பற்றி நாங்கள் தயாரித்த ஒரு வரைபடத்தில் தலைக்கு மேல் சில சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தது. இடைவெளி இருந்தால் அங்கே சுமை தாங்கப்படாது என்று அதற்குள் நன்றாகக் கற்றிருந்தேன். உடனே மூடிவிட்டேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, இதுல போறவர் விண்வெளியில ஆறு மாசம் இருக்கப்போறார். எடையில்லாம முதுகெலும்பு நீண்டு, வரும்போது உயரம் கூடியிருக்கும். அப்ப தலையை எங்க வைப்பார்?" என்றார்.

வரைபடத்தைத் திருத்தினேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு உருவங்களை வரைகிறேன். ஏறிப் போகிறவர் கறுப்புக் கோட்டில், திரும்பி வருகிறவர் சிவப்பில்.