501-ஆவது யூனிட்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் மன்னார்குடியில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பூட்டு விழுந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டர்களில் நல்லதாக ஒன்றை பைக்கில் கட்டி, கோட்டூர் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஃபோல்டிங் அட் ஹோம் பற்றி முன்பே தெரியும். 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கியது. சும்மா கிடக்கும் நம் கம்ப்யூட்டரை வைத்து, புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று கணக்குப் போடுவார்கள். அந்தச் சமயத்தில் ஊர் உலகமே கொரோனாவுக்காகச் சேர்ந்தது. நான் சேர்ந்தது அப்பாவின் கைக்காக. அவருக்குப் பார்க்கின்சன். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கோணலாக மடிந்து மூளைச் செல்களில் திரண்டு கிடக்கும் நோய். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்.

மென்பொருளைப் போடுவது பெரிய வேலை இல்லை. ஒரு பெயர், மின்னஞ்சலில் வரும் பாஸ்கீ, அவ்வளவுதான். எந்த நோய் என்று கேட்கும் இடத்தில் பார்க்கின்சனைத் தேர்ந்தெடுத்தேன். அது வெறும் விருப்பம்தான் என்பது அப்புறம் புரிந்தது. கையில் எந்த வேலை இருக்கிறதோ அதைத் தருவார்கள்; எனக்குப் பெரும்பாலும் கொரோனாதான் வந்தது. சரி, அதுவும் வேண்டியதுதானே.

முதல் நாளே சூடு தாங்காமல் மெஷின் அணைந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், விசிறியில் தூசியோடு ஒரு பல்லி காய்ந்துபோய் இருந்தது. துடைத்துவிட்டு, மூடாமலே டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். "மனுஷனுக்கே காத்தில்ல, அதுக்கு ஃபேனா?" என்றார் அம்மா. சித்திரை வெயிலில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது கரண்ட். போய்ப் போய் வந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்திருந்தது, மாற்றக் கடை கிடையாது. அவர்கள் நமக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்கு வேலைக்கு ஒர்க் யூனிட் என்று பெயர். 40 சதவீதம் தாண்டியிருந்த என் முதல் ஒர்க் யூனிட் கெடு தவறிப்போனது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ஒர்க் யூனிட் என்பது புரதத்தின் நீண்ட அசைவில் ஒரு சிறு துண்டு. கணக்கு சில ஃபெம்டோ செகண்டுகளாக நகரும்; ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்குதான் ஃபெம்டோ செகண்ட். நான் முடித்து அனுப்பும் இடத்திலிருந்துதான் அடுத்த துண்டை இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். மேல் வயல் நிரம்பாமல் கீழ் வயலுக்குத் தண்ணீர் ஏது? நான் இழுத்தடித்தால் கெடு பார்த்து அதே துண்டை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும், அதுவரை அந்தத் தொடர் நிற்கும். கடைமடைக்காரன் எனக்கு இது நன்றாகவே உறைத்தது.

மென்பொருள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கைச் சேமித்ததை 3 நிமிடமாக மாற்றினேன். கரண்ட் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை.

மிச்சம் இருந்தது மீட்டர். 120 வாட் என்று வைத்தாலும் நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 3 யூனிட் கரண்ட். இரண்டு மாதத்தில் 170-க்கு மேல். எங்கள் வீடு சாதாரணமாகவே 380-ஐத் தொடும். அன்றைய கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786. ஒரே ஒரு யூனிட்டுக்கு அறுநூற்றுச் சொச்சம்! கடை மூடிக் கிடக்கையில் அது கட்டாது. ராத்திரி பத்து மணி நேரம் மட்டும் என்று முடிவெடுத்தேன். கூடுவது 70 யூனிட் சொச்சம்தான். ராத்திரி சூடும் குறைவு.

அந்த ஏப்ரலில் எல்லோருடைய கம்ப்யூட்டரும் சேர்ந்து 2.4 எக்ஸாஃபிளாப்ஸ் வேகத்தை, அதாவது விநாடிக்கு 24,000 கோடி கோடி கணக்குகளை, தொட்டதாகப் படித்தேன். அதில் என் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். பாயின்ட் தருவார்கள், அதை வைத்து ஒரு டீ குடிக்க முடியாது. ஆனால் தினமும் விடிந்ததும் அப்பா திரைக்கு முன்னால் வந்து நிற்பார். "எத்தனைல நிக்குது?"

கடை திறக்கலாம் என்றானதும் மெஷினைக் கழற்றப் போனேன். 63 சதவீதம்.

"இத முடிச்சுட்டு எடுத்துட்டுப் போ தம்பி" என்றார்.

ஒரு நாள் தள்ளித்தான் கடை திறந்தேன்.