நீல முகடும் கறுப்பு முகடும்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மதுரையிலிருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறுவேன். வேலை பார்ப்பது மரபணுப் பரிசோதனைக் கூடத்தில். ரிப்போர்ட்டை அனுப்பினால் மட்டும் போதாது, வீட்டுக்காரர்களை உட்காரவைத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று காரைக்குடிக் குழந்தை மருத்துவர் ஒருவர் கேட்டிருந்தார். நானும் தேவகோட்டைப் பக்கத்து ஆள். சரி என்றேன்.

அப்படி வந்த ஒரு குடும்பம் இன்னும் மனதில் நிற்கிறது. (விவரங்களைக் கொஞ்சம் மாற்றியே எழுதுகிறேன்.) மூன்று மாதப் பையன். நெற்றி உயர்ந்து, பின்மண்டை தட்டையாக இருந்தது. இரண்டு கையிலும் விரல்கள் ஒட்டியே பிறந்திருந்தன. அப்பா, அம்மா, அப்பத்தா மூவரும் வந்திருந்தார்கள். அப்பத்தா நாற்காலியில் உட்காரவே இல்லை. பேரனுக்கு எண்ணெய் தேய்த்து, தலையைப் பிடித்துவிட்டுக் குளிப்பாட்டியது அவர்தான். "கிழவி அமுக்கின அமுக்குல மண்டை மூடிப்போச்சு" என்று சம்பந்தி வீட்டில் பேச்சு. விரலுக்கு வேறு காரணம் வைத்திருந்தார்கள்: மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று மருமகள் வளவில் வந்து நின்றாளாம். ஆக, தலை மாமியார் கணக்கு, விரல் மருமகள் கணக்கு.

என் பையில் இருந்தது ஒரு வரைபடம். டிஎன்ஏவைப் படிக்கும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறத்தில் முகடு வரும். எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவில், புரதத்துக்கான எழுத்துகளில் 755ஆவது இடத்தில் மட்டும் நீலமும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி. ஒரு பிரதியில் சி, இன்னொன்றில் ஜி. ஏப்பர்ட் சின்ட்ரோம். 1906இல் பிரெஞ்சு மருத்துவர் ஏப்பர்ட் விவரித்தது. மரபணுக் காரணம் 1995இல்தான் தெரிந்தது. கிட்டத்தட்ட எல்லா ஏப்பர்ட் குழந்தைகளிடமும் இருப்பது இரண்டே மாற்றங்களில் ஒன்று, அதுவும் புரதத்தில் அடுத்தடுத்த இடங்களில். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு அடங்காது. அந்த வியப்புதான் அன்று என் காலை வாரிவிட்டது.

பச்சைக் குழந்தையின் மண்டை ஒரே எலும்பு அல்ல, பல தகடுகள். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இடைவெளி தெரியும். தகடுகள் சேரும் கோட்டை சூச்சர் என்போம். அதன் நடுவில் இன்னும் எலும்பாகாத ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. மூளை வளர வளர, ஓரத்தில் உள்ளவை எலும்பாகும். நடுவில் உள்ளவை பொறுத்திருக்கும். எலும்பாகச் சொல்லி முடுக்குவது ரன்எக்ஸ்2 என்ற மரபணு, இழுத்துப் பிடிப்பது ட்விஸ்ட்1 என்ற இன்னொன்று. எஃப்ஜிஎஃப்ஆர்2 செல்லின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பி. வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் உள்ளே சேதி போகும், விலகினால் நிற்கும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அந்த ஓர் எழுத்து மாறியதால் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் டிரிப்டோஃபன் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒட்டியது லேசில் விலகாது. ஒட்டக் கூடாததும் ஒட்டும். காத்திருக்க வேண்டிய செல்கள் அவசரப்பட்டு எலும்பாகி, தலையின் குறுக்கே காதுப் பக்கம்வரை இறங்கும் கோடு மூடிக்கொள்கிறது. கருவில் கை உருவாகும் இடத்திலும் அதே ஏற்பிக்கு வேலை உண்டு, அதனால்தான் விரலும். எண்ணெய்க் குளியலுக்கும் கிரகணத்துக்கும் இதில் பங்கே இல்லை என்றேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப எங்க இருந்து வந்துச்சு தம்பி?" என்று பையனின் அப்பா கேட்டார். உங்கள் இருவர் ரத்தத்திலும் இல்லை, புதிதாக வந்தது. அநேகமாக எப்போதும் தகப்பனின் விந்தணுவில்தான் வரும், வயது ஏற ஏற வாய்ப்பு கூடும் என்றேன். விந்தணுவை உண்டாக்கும் செல்லில் இந்த மாற்றம் விழுந்தால், அந்தச் செல் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உற்சாகமாகவே சொன்னேன்.

அவருக்கு வயது 44. சிங்கப்பூரில் உழைத்து, மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் கல்யாணம். தலையைக் குனிந்துகொண்டார். அப்பத்தாதான் பேசினார். "நாந்தான் தம்பி, இவளுக முடியட்டும்னு இவனை நிறுத்தி வச்சேன்." ஐந்து நிமிடம் முன்பு விடுவித்தவரை நானே திரும்பவும் கூண்டில் ஏற்றியிருந்தேன்.

அப்புறம் என்னென்னவோ சொன்னேன். எல்லா ஆண்களிடமும் இப்படிச் சில விந்தணுக்கள் இருக்கும், இளவயது அப்பாக்களுக்கும் பிறக்கிறது, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாம் உண்மை. பின்னால் வந்ததால் வெறும் சமாதானம் போலக் கேட்டது. இப்போதெல்லாம் "எல்லா ஆண்களிடமும்" என்றுதான் ஆரம்பிக்கிறேன். வயதைக் கேட்டால் மட்டும் சொல்கிறேன். இது பக்குவமா மழுப்பலா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு.

மண்டையைத் திறந்து இடம் செய்யும் ஆபரேஷனைப் பற்றி டாக்டர் விளக்கி முடித்தார். அதுவரை வாய் திறக்காத மருமகள், "இதையெல்லாம் தமிழ்ல எழுதித் தர முடியுமாண்ணே? எங்க அம்மா வீட்டுல காட்டணும்" என்றாள். சீட்டின் பின்பக்கம் எழுதினேன்: தலை பிடித்ததால் வரவில்லை, கிரகணத்தால் வரவில்லை, கரு உண்டாகும்போதே இருந்த ஓர் எழுத்து மாற்றம். வயதைப் பற்றி எழுதவில்லை. வாங்கி ஒரு முறை படித்தாள். வயது விஷயம் எங்கே என்று கேட்கவில்லை.