மனப்பாடம் செய்த வசனங்களும் நம் சம்பாத்தியமும்

காலைப் பிரார்த்தனையில் வரிசையாக நின்று நாம் ஒப்புவித்த பைபிள் வசனங்களில் எத்தனை, பணத்தையும் பதவியையும் பற்றியவை என்பது அந்த வயதில் உறைக்கவில்லை. உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்தி ஜீவனை நஷ்டப்படுத்தினால் லாபம் என்ன என்ற கேள்வி (மாற்கு 8:36), ஆதாயமே அறியாத பிள்ளைகளின் வாயில் வெறும் ஓசையாக இருந்தது. வேலை, வீடு, பிள்ளைகளின் பட்டம் எல்லாம் கைகூடிய பின்னும் மனம் வெறிச்சோடி நிற்கும் நம் வயதில்தான் அது நம்மைப் பார்த்துக் கேட்கிறது.

அப்படி நிற்பவர் முதலில் எடுக்க வேண்டியது பழைய ஏற்பாட்டிலுள்ள பிரசங்கி என்ற புத்தகம். 12 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்றாக வாய்விட்டு வாசிக்கலாம். 2-ஆம் அதிகாரத்தில் மட்டும் இரண்டு நாள் தங்குங்கள். வீடுகள், திராட்சத்தோட்டங்கள், குளங்கள், ஆடுமாடுகள், வெள்ளி, பொன், பாடகர் என்று ஓர் அரசன் தான் சேர்த்ததையெல்லாம் கணக்கெடுக்கிறான். 11-ஆம் வசனத்தில் அத்தனையும் மாயை என்கிறான். 18, 19-ஆம் வசனங்கள் இன்னும் கசப்பு: பாடுபட்டுச் சேர்த்ததைப் பின்வருபவனுக்கு விட்டுப் போக வேண்டும், அவன் புத்திமானோ மூடனோ, யாருக்குத் தெரியும்? தோற்றவன் இப்படிச் சொன்னால் பொறாமை என்று தள்ளிவிடலாம். சொல்பவனோ எல்லாம் அடைந்தவன்.

இந்த இடத்தோடு புத்தகத்தை மூடினால் விரக்திதான் மிஞ்சும். அடுத்து, அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். பவுலும் தன் பெருமைகளை வரிசைப்படுத்துகிறார்: இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன் (மோசேயின் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினன்), நியாயப்பிரமாணம் என்ற அந்தச் சட்டத்தில் குற்றஞ்சாட்டப்படாதவன். பிறகு கிறிஸ்துவுக்காக எல்லாவற்றையும் குப்பையாக எண்ணுகிறேன் என்கிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. அரசனுக்குப் பொருள் கசந்தது. பவுலுக்கு அதைவிட இனிய ஒருவர் கிடைத்தார். நம் விசுவாசம் நிற்பது இந்த இரண்டாவதில்.

நான்காம் நூற்றாண்டில் மிலானில் சொற்கலை ஆசிரியராக இருந்து, பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன், சக்கரவர்த்தியைப் புகழ்ந்து பேசவேண்டிய உரையின் கவலையோடு தெருவில் போனார். குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரன் கண்ணில் பட்டான். நான் இத்தனை பாடுபட்டுத் தேடும் நிம்மதி இவனுக்குச் சில காசுகளிலேயே கிடைத்துவிட்டதே என்று நொந்துகொண்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 386-இல் அவர் மனந்திரும்பினார். அந்தப் பதவியையும் துறந்தார். 387-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

எல்லோரும் வேலையை விட வேண்டும் என்பதல்ல. தன்னிடம் வந்த ஆயக்காரரை, அதாவது வரி வசூலிப்பவர்களை, யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை; கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதீர்கள் என்றார் (லூக்கா 3:13). நமக்கும் அதுவே போதும்: மேலதிகாரி கேட்டாலும் பொய்க்கணக்கு எழுதாமல் இருப்பது, சம்பளம் வந்தவுடன், செலவுக்கு முன்பே, கொடுப்பதற்கான பங்கைப் பெயர் தெரியாமல் ஒதுக்குவது.

தினமும் காலையில், கைபேசியைத் தொடுமுன், மாற்கில் ஓர் அதிகாரமும் பத்து நிமிட ஜெபமும். மூன்று நாள் தவறினால் விட்டதையெல்லாம் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். அந்தப் பாரத்தில்தான் பலர் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து அன்றைய ஒன்றை மட்டும் வாசியுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அலுவலகத்தில் ஏறிய அதே ஏணியைச் சபைக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறோம். செயலாளர், தலைவர், மேடை, மாலை. புதிதாக வருபவர் முதல் ஒரு வருடமாவது பதவி எதுவும் ஏற்காமல், நாற்காலி அடுக்குவது, நோயாளிகளைப் பார்க்கப் போவது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

லூக்கா 12-இல் வரும், பெரிய களஞ்சியங்கள் கட்டத் திட்டமிட்ட இரவிலேயே உயிர் போகும் ஐசுவரியவானின் உவமை எதற்காகச் சொல்லப்பட்டது என்று நினைவிருக்கிறதா? ஆஸ்தியைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று ஒருவன் இயேசுவிடம் கேட்டதற்காக. கூடப்பிறந்தவரோடு சொத்து வழக்கில் பேச்சு நின்றுபோனவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் பிரசங்கியை எடுக்குமுன் தொலைபேசியை எடுக்கட்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:24-உம் நாம் ஒப்புவித்ததுதான்.