இளைய நிலாவின் கிட்டாருக்காக ஒரு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டு

ஒருவழியாக வந்துவிட்டது. ‘இளைய நிலா பொழிகிறதே’, என் கேசட்டிலிருந்தே, ட்ரம்ஸின் ஹை-ஹேட் தாளமும் கிட்டார் கம்பியும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி.

1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துப் பாட்டு, எந்த ஆப்பைத் திறந்தாலும் கிடைக்குமே, இதற்கா இத்தனை பாடு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆப்பில் கிடைப்பது கழுவித் துடைத்த இளைய நிலா. எனக்கு வேண்டியது எங்கள் ஊர் ரிக்கார்டிங் சென்டர் அண்ணன் இசைத்தட்டிலிருந்து சி-60இல் (அறுபது நிமிடக் கேசட்) பதிந்து கொடுத்தது. நடுவில் கொஞ்ச தூரத்துக்குத் தட்டின் கீறல் ‘டிக்... டிக்...’ என்று எஸ்.பி.பி. கூடவே வரும். பள்ளிக்கூட நாளெல்லாம் அப்படியே கேட்டு வளர்ந்ததால் அந்த டிக் இல்லாவிட்டால் பாட்டு மூளியாகத் தெரிகிறது.

கேசட் டெக்கில் பெல்ட் மாற்றியது, டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரைத் துடைத்தது எல்லாம் வழக்கமான வேலை, விடுங்கள். (பழைய பெல்ட் உருகித் தாராகிப் புல்லியில் அப்பிக்கிடந்ததைச் சுரண்டியதில் நகக்கண் இன்னும் கறுப்பு.) மானத்தை வாங்கியது அசிமத், அதாவது டேப்பைப் படிக்கும் ஹெட் டேப்பின் மேல் நிற்கிற கோணம்.

டெக் நன்றாகத்தான் இருக்கிறது, கடையில் வாங்கிய கேசட்டுகள் பளிச்சென்று பாடுகின்றன. இந்தக் கேசட்டைப் போட்டால் மட்டும் ஆரம்பக் கிட்டாரே போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. காரணம் எளிது. அண்ணனுடைய டெக்கில் ஹெட் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ அதே கோணத்தில்தான் டேப்பில் பதிந்திருக்கிறது. டேப்பின் மொத்த அகலமே 3.81 மி.மீ., அதில் ஒரு சேனலுக்குக் கிடைப்பது சுமார் 0.6 மி.மீ. என் ஹெட் ஒரு மயிரிழை விலகி நின்றாலும் முதலில் காணாமல் போவது மேல் ஸ்தாயிச் சத்தம்தான். பதிவு செய்துகொண்டு கம்ப்யூட்டரில் ட்ரெபிளை ஏற்றிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: ஏற்றலாம், இரைச்சல் மட்டும் ஏறும்.

ஆகவே அந்தக் கோணத்தை மாற்றும் ஸ்க்ரூ. ஹெட்டின் ஒரு பக்கம், அடியில் குட்டி ஸ்பிரிங் வைத்து, மேலே பெயின்ட் சொட்டு வைத்து அடைத்திருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, காந்தம் ஏறாத ஸ்க்ரூ டிரைவரால், பாட்டு ஓட ஓடத் திருக வேண்டும். இரண்டு காதிலும் ஸ்டீரியோவில் கேட்டுத் திருகினால் ஒன்றும் பிடிபடாது. இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துவிட்டுக் கேளுங்கள். கோணம் தப்பாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சத்தம் குகைக்குள் சுழல்கிற மாதிரி இருக்கும். திருகிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் சுழல் நின்று கிட்டார் சட்டென்று முன்னால் வந்து உட்காரும். அந்த இடம் கடுகளவுதான், கைவிரல் நடுங்கினால் தாண்டிவிடும். ஆரம்பக் கிட்டாரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு மாலை முழுக்க இதையே செய்தேன், கடைசியில் எங்கள் வீட்டுப் பொடியன் அதை வாயாலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த வம்பு, சுருதி. என் டெக்கின் வேகத்தை டெஸ்ட் டேப் போட்டுச் சரிபார்த்தாயிற்று, ஆனாலும் பாட்டு கால் ஸ்வரம் ஏறியே கேட்டது. அண்ணனுடைய டெக் மெதுவாக ஓடியிருக்கும், அதில் பதிந்ததை இங்கே ஒழுங்கான வேகத்தில் ஓட்டினால் ஏறத்தானே செய்யும்? எவ்வளவு ஏற்றம் என்று கண்டுபிடிக்கக் கைகொடுத்தது அந்தக் கீறலேதான்! 33⅓ சுற்றுத் தட்டு என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, பத்து டிக்குக்கு 18 விநாடி வர வேண்டும். ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் அலையைப் பெரிதாக்கி அளந்தால் 17.5. ஏறத்தாழ 3 சதவீதம். அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்ததும் சுருதி பார்க்கும் ட்யூனரும் ஒத்துக்கொண்டது. டிக் சத்தத்தை நீக்கும் எஃபெக்டைத் தயவுசெய்து யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம்.

பெல்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆன்லைனில் ஒரு கடை அனுப்பியது அகலம் தப்பு, திருப்பி வாங்கவும் மாட்டேன் என்றார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பெல்ட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே மேல், மடித்துப் பிடித்து நீளம் பார்த்தே எடுத்துக் கொடுக்கிறார்கள். ஹெட் துடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் அங்கேயே கிடைக்கிறது.

பி பக்கம் இன்னும் ஓட்டவில்லை. அதற்குள் பரணிலிருந்து இன்னொரு பெட்டி இறங்கிவிட்டது, பாதிக் கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை. அதை நேராக டெக்கில் போட்டால் ஹெட்டுக்கும் அதிலிருந்து மற்ற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். உடைந்த டெக் ஒன்றை வாங்கி, ஹெட்டைக் கழற்றிவிட்டு, வழியில் மெல்லிய துணி வைத்துச் சுற்றித் துடைக்கும் யந்திரமாக மாற்றலாமா என்று யோசனை. ரீல் மோட்டார் மட்டும் ஓடும் டெக் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பெல்ட் நான் போட்டுக்கொள்கிறேன்.