‘ஒய்’யா, ‘ஐ’யா? டர்பன்–சென்னை டிக்கெட்டில் பெயர்த் தகராறு

டர்பன்–சென்னைப் பயணத்தில் மகா எரிச்சல் எது? துபாயில் மணிக்கணக்காகக் காத்துக்கிடப்பதா? அதுகூடத் தேவலாம். பெட்டியைத் தராசில் ஏற்றிய பிறகு, செக்-இன் கவுண்டரில் “பேரு ஒத்துவரலையே” என்று கேட்கிற குரல்தான்.

கோளாறு பழையது. 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரை குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் ‘பிள்ளை’ என்ற பெயருக்கு இங்கே ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ‘ஒய்’, சென்னையில் ‘ஐ’. முதலியார் இங்கே மூட்லி. சென்னைச் சொந்தக்காரர் டிக்கெட் போட்டுத் தந்தால், ஸ்பெல்லிங் தப்பு என்று அவரே ‘திருத்தி’விடுவார், புண்ணியவான்! போனில் பெயர் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பி, அதைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியது போட்டோ பக்கத்தின் அடியிலுள்ள இரண்டு வரி; வரிக்கு 44 இடம். முதல் வரியில் நாட்டுக் குறியீடு, குடும்பப் பெயர், இரட்டை < குறி, பிறகு சொந்தப் பெயர். டிக்கெட்டிலும் அதே எழுத்து, அதே பிரிவு.

தமிழ்நாட்டு மச்சானை இங்கே வரவழைப்பது தனிக் கூத்து. அவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். இந்திய பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கலாம், சொந்தப் பெயரோடு சேர்ந்தும் இருக்கலாம். சர்நேம் காலியென்றால் புக்கிங் தளம் நகராது. சில விமானக் கம்பெனிகள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சிலது ‘எஃப்.என்.யு.’ (‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) கேட்கும். பணம் கட்டுமுன் விசாரியுங்கள். வழியில் துபாயைச் சுற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் இன்னும் உஷார்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு அமீரகம் 2022 நவம்பரிலேயே கெடுபிடி போட்டுவிட்டது.

கல்யாணமான பெண்களுக்குப் பாஸ்போர்ட் பிறந்த வீட்டுப் பெயரில் இருந்தால் டிக்கெட்டும் அதிலேயே. “மேரேஜ் சர்டிஃபிகேட் காட்டினா போதும்” என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். பெயரோடு ‘மிஸ்டர்’ ஒட்டியோ, இரண்டு பெயர் இடைவெளியில்லாமலோ அச்சாகியிருந்தால் பதறாதீர்கள், சிஸ்டம் அப்படித்தான்.

இரண்டு மூன்று எழுத்துப் பிழையைப் பல கம்பெனிகள் திருத்தித் தரும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கேன்சல் செய்து புது டிக்கெட்தான். ஏஜென்டிடம் வாங்கியிருந்தால் கம்பெனி அவரிடமே திருப்பி அனுப்பும். அவர் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று கறப்பார். அந்த ரேண்ட் பணத்துக்கு வீட்டோடு உட்கார்ந்து டர்பன் ஸ்பெஷலான மட்டன் ‘பன்னி சௌ’ சாப்பிடலாம், ரொட்டிக்குள் குழம்பு ஊறி ஊறி... சரி, விஷயத்துக்கு வருகிறேன். டர்பனிலிருந்து இந்தியாவுக்கு நேரடி விமானம் இல்லாததால் ஒரே டிக்கெட்டில் இரண்டு கம்பெனிகள் வருவது சகஜம். திருத்தம் இரண்டிலும் ஏறியதா என்று பாருங்கள். ஆன்லைன் செக்-இன் செய்யுமுன் முடித்துவிடுங்கள். புது இ-டிக்கெட்டை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். “சரி பண்ணியாச்சு” என்ற வாய்ச்சொல்லைக் கவுண்டரில் நீட்ட முடியாது.