அப்பாவின் ஜிப்ஸிக்கு இன்ஜெக்டர்: கோத்தகிரி நாட்குறிப்பு

நவம்பர் 2, 2025, ஞாயிறு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் வழியில், குஞ்சப்பனையைத் தாண்டியதும் ஜிப்ஸி திணறத் தொடங்கியது. அரவேனு வருவதற்குள் இரண்டு முறை நின்றுவிட்டது. மழையில் ஓரங்கட்டி பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் கரி பூசினாற்போல் கருத்துக் கிடந்தன. அப்பா இருந்தவரை வண்டியில் எப்போதும் ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவர் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் கார்புரேட்டரில் ஒரு திருகு, கோத்தகிரி வந்ததும் ஒரு திருகு. எனக்கு அந்தக் கை வரவில்லை.

இது 1997 மாடல் ஜிப்ஸி கிங். 1.3 லிட்டர், 8 வால்வு, கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். 2000இல் மாருதி இதே வண்டிக்கு 16 வால்வு இன்ஜினும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறையும் கொடுத்து 80 குதிரைத்திறன் ஆக்கியது. அந்த இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்டிவிடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண் இந்த இன்ஜினுடையது. அப்பா தன் கையால் பிரித்துக் கோத்ததும் இதைத்தான். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை இதே இன்ஜினுக்கு வைக்கப் போகிறேன்.

நவம்பர் 5, புதன்

மழை விடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. குறுகிய தொண்டை வழியே காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது, ஜெட் என்ற சிறு துளை வழியே பெட்ரோல் தானாக மேலேறுகிறது. மின்சாரம் இல்லாமல், கணக்கு இல்லாமல் இத்தனையும் நடக்கிறது. ஆனால் தொண்டையில் போகும் காற்று கனமானதா மெலிந்ததா என்று அதற்குச் சரியாகத் தெரியாது. மேட்டுப்பாளையத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை, அதனால் கலவை கெட்டியாகிறது. மலைக்கென்று சிறிய ஜெட் போட்டால் சமவெளியில் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். அப்பா இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

தேயிலைத் தோட்டத்துச் சரிவில் வண்டி நின்றுபோவதும் இதனால்தான். வண்டி சாய்ந்தால் கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோலும் சாய்ந்துவிடுகிறது.

நவம்பர் 8, சனி

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் பகல் முழுவதும் அலைந்தேன். சிறிய காரிலிருந்து எடுத்த நான்கு இன்ஜெக்டர்கள், உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் ஒரு த்ராட்டில் பாடி, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கிடைத்தன. இன்ஜெக்டர் பெரிதாக இருந்தால் நல்லது என்று கடைக்காரர் சொன்னார். 60 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஒவ்வொன்றும் 100 மி.லி. கொடுத்தால் போதும். நான் எடுத்தது 150. இன்னும் பெரிதாகப் போனால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் அது திறந்து மூடும் நேரம் மிகவும் சுருங்கி, அளவு தடுமாறும்.

இன்ஜெக்டர்களை இயக்கும் கணினிப் பெட்டிக்கு ஸ்பீடுயினோவைத் தேர்ந்தெடுத்தேன். ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடும் திறந்த மூல வடிவமைப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று வரி வரியாகப் படிக்க முடிகிற பெட்டியைத்தான் அப்பாவின் வண்டியில் வைப்பேன்.

நவம்பர் 12, புதன்

சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு லேத் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. நான்கு குழலிலும் இன்ஜெக்டர் உட்காரும் அலுமினியக் குமிழ்களை டிக் வெல்டிங் செய்திருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் முகப்பு சற்று வளைந்திருந்தது, மறுபடி சமமாகச் சீவச் சொன்னேன். அந்த இடத்தில் மயிரிழை காற்று புகுந்தாலும் பின்னால் செய்யும் ட்யூனிங் எல்லாம் வீண்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று பெட்ரோல் பக்கம். அவசரப்படக் கூடாத வேலை. பழைய மெக்கானிக்கல் பம்பின் அழுத்தம் அரை பார்கூட இருக்காது, இன்ஜெக்டருக்கு வேண்டியது 3 பார். பழைய ரப்பர் குழாய் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கும் தாங்கக்கூடிய இன்ஜெக்‌ஷன் குழாயே போட்டேன்.

ஜிப்ஸியின் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சரிவில் ஏறினால் பம்ப் காற்றை இழுத்துவிடும். ஆகவே ஒரு சிறிய பம்ப் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் கலனுக்கு ஓயாமல் நிரப்பும். அந்தக் கலனின் அடியிலிருந்து பெரிய பம்ப் எடுக்கும். மிஞ்சியது டேங்குக்கே திரும்பும். இன்ஜின் நின்றால் இரண்டு பம்புகளும் இரண்டு விநாடிக்குள் நிற்கும்படி ரிலேயைக் கணினியோடு இணைத்திருக்கிறேன். காடு மேடு போகும் வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது.

நவம்பர் 22, சனி

முதல் ஸ்டார்ட். இரண்டு முறை உறுமி அணைந்தது. அப்புறம் எதுவும் இல்லை. பிளக்குகள் நனைந்து சொட்டின. ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை.

நவம்பர் 23, ஞாயிறு

கண்டுபிடித்தேன். கூலன்ட் சென்சாரின் இணைப்பு சரியாகப் பதியாததால், வெப்பநிலை மைனஸ் 40 என்று கணினி நம்பியிருக்கிறது. அந்தக் குளிருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டுமோ அவ்வளவையும் ஊற்றிவிட்டது. இணைப்பைச் சரிசெய்து, ஆயில் மாற்றி, பிளக்குகளைக் காயவைத்துச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. சோக் இழுக்காமல், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் 1,200 சுற்றில் தானாக நிலைத்து ஓடியது. அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

நவம்பர் 30, ஞாயிறு

3,000 சுற்றுக்கு மேல் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு வாரம் இதிலேயே போனது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து சுற்றுக்கணக்கை எடுத்திருந்தேன். தீப்பொறியின் மின்னிரைச்சலையும் கணினி சுற்று என்று எண்ணிவிட்டது. கிராங்க் புல்லியின் பின்னால் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம் வைத்து, அதன் பற்களை எண்ண ஹால் சென்சார் மாட்டினேன். உறையிட்ட வயரை பிளக் வயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுபோய், உறையைக் கணினி முனையில் மட்டும் எர்த் செய்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பழையபடி தீப்பொறியை மட்டும் பார்த்துக்கொள்கிறது. வெட்டு அடியோடு நின்றது.

டிசம்பர் 7, ஞாயிறு

மடிக்கணினியோடு தம்பி பக்கத்தில் உட்கார, மேட்டுப்பாளையம் இறங்கினோம். கிளம்பும்போது இன்ஜின் ஓடாத நிலையில் காற்றழுத்த சென்சார் 82 கிலோபாஸ்கல் காட்டியது. கீழே போய் அணைத்துவிட்டுப் பார்த்தால் 97. அந்த 15 கிலோபாஸ்கல்தான் அப்பா ஸ்க்ரூடிரைவரால் ஈடுகட்டியது.

திரும்பி ஏறும்போது சைலன்சர் குழாயிலிருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரையே பார்க்கச் சொன்னேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய விகிதம் பொருந்தாது என்பதால் லாம்டா கணக்கிலேயே ட்யூன் செய்கிறேன். அதில் 1.00 என்றால் காற்று சரியான அளவு, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். சமமான இடங்களில் 1.00, முழு ஏற்றத்தில் 0.88. குஞ்சப்பனையிலும் அதுவே, அரவேனுவிலும் அதுவே. தம்பி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண்ணை உரக்கப் படித்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

டிசம்பர் 13, சனி

அப்பாவோடு வேலை பார்த்த மெக்கானிக் ஐயா வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கண்ணை மூடி ஐடிலிங்கைக் கேட்டார். "மூன்றாவது சிலிண்டர் கொஞ்சம் பின்தங்குகிறது, அம்மணி" என்றார். மடிக்கணினியில் அது தெரியவே இல்லை, ஆக்ஸிஜன் சென்சார் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துத்தானே பார்க்கிறது. இன்ஜெக்டர்களைக் கழற்றி அளந்தேன். மூன்றாவது, மற்றவற்றைவிடக் குறைவாகத் தெளித்தது. உள்ளே இருந்த சல்லடையில் அழுக்கு.

சுத்தம் செய்து மாட்டிய பிறகு, அவரையே ஓட்டச் சொல்லி தோட்டத்துச் சரிவில் ஏறினோம். வழக்கமாக நிற்கும் அந்தப் பாறைக்கருகே அவர் வேண்டுமென்றே நிறுத்தி, முகப்பு வானம் பார்க்க, ஐடிலிங்கில் ஐந்து நிமிடம் விட்டார். நிற்கவில்லை.

காலைக் குளிரில் முதல் பத்து விநாடி மட்டும் இன்னும் சற்றுத் தள்ளாடுகிறது. நாளை விடிவதற்குள் எழுந்து, கணினியில் 10 டிகிரிக்கான வரியில் பெட்ரோலை 4 சதவீதம் கூட்டிப் பார்க்க வேண்டும்.